ஒரு தவறணையின் சரித்திரம்

அரண்மனைகளுக்கும் கோட்டைகளுக்கும் சரித்திரம் எழுதப்பட்டிருக்கிறது. வேலை முடிந்து வரும் மனிதர் அமர்ந்து உண்டு, குடித்து, அயலவரோடு நாலு வார்த்தை பேசிச் செல்லும் இடங்களுக்குச் சரித்திரம் எழுதுவார் மிகச் சிலரே. அத்தகைய இடம் திறந்திருக்கும்வரை அதனை எவரும் பொருட்படுத்துவதில்லை. மூடப்பட்ட பின்னர் பத்திரிகைகளில் ஒரு பெருமூச்சு வெளிவரும். அத்தோடு கதை முடிந்துவிடும். ஆனால் ஒரு சாலை எவ்வாறு எழுந்தது, யாருடைய உழைப்பினாலும் எந்தச் சட்டங்களினாலும் வளர்ந்தது, யார் எடுத்த முடிவினால் மூடப்பட்டது என்பனவற்றை ஆராயப் புகுந்தால், ஒரு நகரத்தின் பொருளாதார வரலாறே அதனுள் அடங்கியிருப்பதைக் காணலாம்.

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையிலே, ஒறிகன் மாநிலத்தைச் சேர்ந்த போட்லன்ட் நகரில், பிரிட்ஜ்போட் என்னும் பெயருடைய பியர்ச்சாலை ஒன்று 1984ஆம் ஆண்டு தொடங்கி 2019ஆம் ஆண்டு வரை இயங்கிற்று. பியர் வடித்து அவ்விடத்திலேயே விற்றதோடு, பீட்சா என்னும் இத்தாலிய அப்பத்தைச் சுட்டுப் பரிமாறும் உணவுச்சாலையாகவும் அது விளங்கிற்று. முப்பத்தைந்து ஆண்டு என்பது ஒரு மனித ஆயுளின் அரைப்பங்கும் இல்லை. எனினும் அக்குறுகிய காலத்தினுள் முதலாளித்துவப் பொருளாதாரத்தின் எழுச்சி, குவிவு, கைவிடல் என்னும் கட்டங்கள் யாவற்றையும் அச்சாலை கடந்து சென்றது. அதனாலேயே அதன் வரலாற்றை இங்கு எடுத்துக்கொள்கிறோம். மதுவைப் போற்றுவதோ தூற்றுவதோ நமது நோக்கமன்று.

பிரிட்ஜ்போட்டின் பிறப்பை விளங்கிக்கொள்ள அதற்கு முன்னர் இருந்த வெறுமையை முதலில் நோக்குதல் வேண்டும். 1873ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பியர் ஆலைகள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை தத்தம் ஊருக்கே பியர் வழங்கிய சிறிய ஆலைகள். குளிரூட்டும் யந்திரங்களும் இருப்புப்பாதைகளும் பரவியபோது பெரிய ஆலைகள் தொலைதூரச் சந்தைகளைக் கைப்பற்றத் தொடங்கின. அதன் பின்னர் வந்தது மதுவிலக்கு. ஒறிகன் மாநிலம் நாட்டின் ஏனைய பகுதிகளை முந்திக்கொண்டு 1916ஆம் ஆண்டு தை மாதம் முதலாம் நாளிலிருந்தே மதுவைத் தடைசெய்தது. தேசம் முழுவதற்குமான மதுவிலக்கு 1920இல் வந்து 1933 வரை நீடித்தது. அவ்வளவு காலமும் பானவகைகளையும் மாப்பொருள்களையும் விற்றுத் தாக்குப்பிடிக்கப் பெரிய ஆலைகளால் முடிந்தது. சிறியவை அழிந்தன. குடியை ஒழிக்க வந்த சட்டம் குடியை ஒழிக்கவில்லை. சிறு உற்பத்தியாளரை ஒழித்தது.

மதுவிலக்கு நீங்கிய பின்னர் எழுந்த புதிய சட்டங்களும் நம் கவனத்திற்குரியன. மதுவிலக்குக்கு முந்திய காலத்திலே பெரிய பியர் ஆலைகள் தவறணைகளைத் தாமே கைக்குள் வைத்திருந்து, தமது சரக்கை மட்டுமே விற்கச் செய்து, தொழிலாளரின் கூலியைக் கறந்துவந்தன. அந்நிலை மீண்டும் வராதிருக்கும் பொருட்டு, உற்பத்தி செய்பவன், மொத்தமாக விற்பவன், சில்லறையாக விற்பவன் ஆகிய மூவரும் வெவ்வேறானவராக இருத்தல் வேண்டுமென மாநிலங்கள் சட்டம் இயற்றின. நோக்கம் நல்லது, பெருமுதலைக் கட்டுப்படுத்துவதே அதன் குறி. ஆனால் பெருமுதல் மொத்த விற்பனையாளரைத் தனக்கு அணுக்கமானவராக்கிக்கொண்டு வளர்ந்தது. தான் வடித்த பியரைத் தன் கதவடியிலேயே விற்றுப் பிழைக்கக்கூடிய சிறு உற்பத்தியாளனுக்கோ அச்சட்டம் பூட்டாயிற்று. சட்டத்தின் சொற்கள் மாறாமல் இருக்க, பொருளாதார நிலைமைகள் மாறும்போது, அதே சட்டம் எதிரான பயனைத் தருவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இவற்றின் விளைவாக, 1970களின் முடிவில் அந்தப் பெரிய நாடு முழுவதிலும் எஞ்சியிருந்த பியர் ஆலைகள் நூற்றுக்கும் குறைவானவை. போட்லன்ட் நகரிலே ஒன்றே ஒன்று நிலைத்தது. ஜெர்மனியிலிருந்து குடிபெயர்ந்து வந்த ஹென்றி வைன்ஹாட் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைநாட்டிய ஆலை அது. 1928இல் வேறோர் ஆலையுடன் இணைந்து பிளிட்ஸ்–வைன்ஹாட் எனப் பெயர் பெற்றது. 1979இல் பப்ஸ்ற் என்னும் பெருநிறுவனத்துக்கு அது விற்கப்பட்டபோது, நகரின் கடைசி ஆலையும் வெளியூர் முதலின் உடைமையாயிற்று.

பொதுச்சொத்தில் முளைத்த தொழில்

இத்தகைய வெறுமையிலேதான் புதிய சிறு ஆலைகள் தோன்றின. இவற்றின் தோற்றத்தைப் பற்றிப் பேசுவோர், துணிச்சலுள்ள சில தனிமனிதர் தம் சொந்த முயற்சியினால் ஒரு தொழிலையே படைத்தனர் என்று கூறுவது வழக்கம். தனிமனிதரின் துணிச்சலை நாம் மறுக்கவில்லை. ஆனால் அத்துணிச்சல் ஊன்றி நின்ற நிலம் எது?

முதலாவது, வரிச்சட்டம். 1976ஆம் ஆண்டு மத்திய அரசாங்கம், ஆண்டொன்றுக்கு இருபது இலட்சம் பீப்பாவுக்கு மேற்படாது உற்பத்தி செய்யும் ஆலைகளின் முதல் அறுபதாயிரம் பீப்பாவுக்கான தீர்வையைப் பீப்பாவுக்கு 9 டொலரிலிருந்து 7 டொலராகக் குறைத்தது. 1978இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், வீட்டில் தம் தேவைக்குப் பியர் வடிப்பதைக் குற்றமென்னும் நிலையிலிருந்து விடுவித்தது. வீட்டு அடுப்பிலே கைபழகியவர்களே பின்னர் ஆலை வைக்கத் துணிந்தவர்களிற் பலர்.

இரண்டாவது, விஞ்ஞானம். பியருக்குக் கசப்பையும் மணத்தையும் கொடுப்பது ஹொப்ஸ் என்னும் கொடியின் பூ. ஒறிகன் மாநிலத்தின் வில்லமெற் பள்ளத்தாக்கு அக்கொடிக்குப் பெயர்போன நிலம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே அறுவடைக் காலத்தில் பழங்குடியினரும், வறிய வெள்ளையரும், ஆசியாவிலிருந்தும் மெக்சிக்கோவிலிருந்தும் வந்த கூலிகளும் அங்கு குடும்பம் குடும்பமாகக் கூடாரமடித்துத் தங்கிப் பூப்பறித்தனர். அப்பள்ளத்தாக்கிலுள்ள கொவாலிஸ் நகரத்தில், மாநிலப் பல்கலைக்கழகமும் மத்திய விவசாயத் திணைக்களமும் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சியின் பயனாகக் ‘கஸ்கேட்’ என்னும் புதிய ஹொப்ஸ் இனம் 1972இல் வெளியிடப்பட்டது. அமெரிக்கச் சிறு ஆலைகளின் பியருக்குத் தனிச்சுவை தந்து அதனைப் பேராலைகளின் சரக்கினின்றும் வேறுபடுத்திக் காட்டியதில் இவ்வினத்தின் பங்கு பெரிது. அதனைத் தோற்றுவித்தது பொதுப்பணம். ஆய்ந்தவர்கள் அரச ஊழியர்கள்.

மூன்றாவது, கைவிடப்பட்ட கட்டிடம். போட்லன்ட் துறைமுகமும் மரத்தொழிலும் செழித்திருந்த காலத்தில், 1880களின் பிற்பகுதியில், நகரின் வடமேற்குப் பகுதியில் ஒரு கயிற்றாலை கட்டப்பட்டது. செங்கல்லாலும் பருத்த மரத்தூண்களாலும் ஆன உறுதியான கட்டிடம் அது. அதனைச் சுற்றிப் பண்டகசாலைகளும் புகையிரத முற்றங்களும் இருந்தன. சரக்குப் போக்குவரத்து மாறிய பின்னர் அப்பகுதி மங்கிற்று, வாடகை மலிந்தது. முதல் வெளியேறிய இடத்திலேதான் முதலில்லாதவன் நுழைய முடியும். ஓவியர்கள் பண்டகசாலைகளின் மேல்மாடிகளிற் குடியேறினர். கயிற்றாலைக் கட்டிடத்தில் பியர்ச்சாலை குடியேறிற்று.

அதனைத் தொடங்கியவர்கள் டிக் பொன்சி, நான்சி பொன்சி என்னும் தம்பதியினர். இத்தாலிய வமிசத்தவரான டிக் பொன்சி யந்திரப் பொறியியல் பயின்றவர். இருவரும் போட்லன்ட்டுக்கு அண்மையில் 1970இல் திராட்சைத் தோட்டம் அமைத்து வைன் வடித்துவந்தவர்கள். வைன் என்பது ஆண்டுக்கொருமுறை அறுவடை செய்து, நீண்டகாலம் காத்திருந்து விற்கவேண்டிய பண்டம்; பியரோ சில வாரங்களில் விலைபோகும். 1984இல் ‘கொலம்பியா நதி பியர்ச்சாலை’ என்ற பெயரில் அவர்கள் தொழிலைத் தொடங்கினர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இக்கலையைப் பயின்று வந்த கார்ல் ஒக்கேட் என்னும் இளைஞர் முதலாவது வடிப்பாளராக அமர்ந்தார். பிரிட்ஜ்போட் என்பது பின்னர் நிலைத்த பெயர். தொடக்கத்தில் ஆண்டொன்றுக்கு 600 பீப்பா அளவிலேயே உற்பத்தி நடைபெற்றது. ஒரு பீப்பா ஏறத்தாழ 117 லீற்றர். ஆக மொத்தம் எழுபதினாயிரம் லீற்றர். பேராலை ஒன்று ஒரு நாளில் இதனினும் பன்மடங்கு வடித்துவிடும்.

இவர்களுக்கு முன்னரே இதே நகரில், 1980ஆம் ஆண்டளவில், கார்ட்ரைட் என்னும் சிற்றாலை தொடங்கப்பட்டு ஓரிரு ஆண்டுகளிலேயே வீழ்ந்திருந்தது. கலிபோர்னியாவின் சொனோமாவில் 1976இல் தொடங்கிய நியூ அல்பியன் ஆலையும் 1982இல் மூடப்பட்டது. சிறிய அளவில் உற்பத்தி செய்து, இடைத்தரகருக்குப் பங்கு கொடுத்து, கடைத்தட்டில் பேராலைகளின் போத்தல்களோடு போட்டியிட்டுப் பிழைப்பது இயலாத காரியம் என்பதை இவ்விரு வீழ்ச்சிகளும் காட்டின. வடிப்பவன் தானே வார்த்து விற்றாலன்றி வழியில்லை. அதற்குச் சட்டம் இடங்கொடுக்கவில்லை.

சட்டத்தைத் திறந்தவர்கள்

அண்டை மாநிலமான வாஷிங்டனில் பேட் கிராண்ட் என்பவர் 1982இல், மதுவிலக்குக்குப் பின் நாட்டிலேயே முதலாவதாக, வடிக்குமிடத்திலேயே விற்கும் தவறணையைத் திறந்திருந்தார். ஒறிகனிலும் அவ்வுரிமை வேண்டுமெனப் பொன்சி தம்பதியினரும், விட்மர் சகோதரரும், மக்மெனமின் சகோதரரும், ஆட் லறன்ஸ், பிரெட் போமன் ஆகியோரும் ஒன்றுசேர்ந்து சட்டமன்றத்தை அணுகினர். வியாபார உலகில் ஒருவருக்கொருவர் போட்டியாளரான இவர்கள், தனித்தனியே நின்றால் எவருக்கும் வாழ்வில்லை என்பதை உணர்ந்திருந்தனர். 1985ஆம் ஆண்டு சட்டமன்றம் இணங்கிற்று. ஆளுநர் விக்டர் அற்றியே அவ்வாண்டு யூலையிற் கையொப்பமிட்டார். ஒக்டோபரில் மக்மெனமின் சகோதரரின் ஹில்ஸ்டேல் தவறணை மாநிலத்தின் முதலாவதாகத் திறக்கப்பட்டது. 1986இல் பிரிட்ஜ்போட்டின் சாலையும் கயிற்றாலைக் கட்டிடத்தினுட் கதவு திறந்தது.

இங்கேதான் பீட்சா வருகிறது. பியர் வடிக்கும்போது, முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து இனிய சாறொன்றை முதலில் இறக்குவர். அதில் ஹொப்ஸ் இட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் மதுவத்தைச் சேர்த்தால் சாறு நொதித்துப் பியராகும். நொதிக்காத அந்த இனிய சாற்றிலே கொஞ்சம் எடுத்துக் கோதுமை மாவைப் பிசைந்து, அதையே பீட்சாவுக்கு அடித்தட்டாக்கினர் பிரிட்ஜ்போட்டினர். ஒரே தானியம் கோப்பையிலும் தட்டிலும் வந்தது. இதன் பொருள் சுவையோடு முடிந்துவிடவில்லை. குடிப்பதற்கென மட்டும் ஆடவர் கூடும் இருண்ட மதுக்கடைக்கும், குடும்பத்தோடு வந்து வயிறார உண்டு செல்லும் பொது மண்டபத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆக்கியது உணவே. பகிர்ந்து உண்ணக்கூடிய, மலிவான, கையாற் பிய்த்துத் தின்னும் உணவு பீட்சா. நேப்பிள்ஸ் நகரத்து வறியவரின் தெருவுணவாகப் பிறந்து, குடிபெயர்ந்த தொழிலாளரோடு கடல்கடந்து அமெரிக்கா சென்ற அப்பம், இங்கும் ஒரு பழைய தொழிற்பேட்டையில் ஆட்களைக் கூட்டிவைத்தது.

நகரம் நீலக்கொக்கு ஒன்றைத் தன் பறவையாக 1986இல் ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டு பிரிட்ஜ்போட் அப்பறவையின் பெயரால் ஒரு பியரை வெளியிட்டது. 1988இல் நகரின் சிற்றாலைகள் சேர்ந்து ஆற்றங்கரையில் ஆண்டுவிழா தொடங்கின. நாட்டின் எங்கோ ஒரு மூலையில் வடித்து இலட்சக்கணக்கான போத்தல்களில் அடைத்த, எவ்வூருக்கும் சொந்தமல்லாத பானத்தைக் குடித்துவந்த மக்களுக்கு, தம் ஊரில், தம் கண்முன்னே, தமக்குத் தெரிந்த ஒருவர் வடித்த பானம் கிடைத்தது. உற்பத்தியாளனும் நுகர்வோனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் நிலை முதலாளித்துவச் சந்தையில் அரிது. அவ்வருமையே இச்சாலைகளின் கவர்ச்சி. அதனைப் போலி எனத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை.

கைமாறிய உடைமை

1995ஆம் ஆண்டு பொன்சி தம்பதியினர் பிரிட்ஜ்போட்டை விற்றனர். வாங்கியது டெக்சாஸ் மாநிலத்தின் சன் அன்ரோனியோ நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பிரைனஸ் கம்பனி. கார்லோஸ் அல்வாரெஸ் என்பவர் நிறுவிய அக்கம்பனி, மெக்சிக்கோவின் கொறோனா பியரை இறக்குமதி செய்து பெரும்பொருள் ஈட்டியது. டெக்சாசின் சைனர் ஊரிலுள்ள பழைய ஆலையொன்றையும் 1989இல் வாங்கியிருந்தது. விற்றவரைக் குற்றஞ்சாட்டுவதும் வாங்கியவரைக் கொடியவராகச் சித்தரிப்பதும் எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று. ஆலையைப் பெருக்க முதல் வேண்டும். சிறு உடைமையாளனிடம் அது இல்லை. பெருக்காவிட்டால், பெருக்கியவர்களோடு போட்டியிட முடியாது. விற்றல், கடன்படல், தேய்ந்து போதல் ஆகிய மூன்று வழிகளே அவன் முன் இருந்தன.

புதிய உரிமையாளரின் முதலால் ஆலை பெருத்தது. 1996இல் வெளிவந்த ‘ஐ.பி.ஏ.’ எனப்படும் கசப்பு மிகுந்த பியர் பிரிட்ஜ்போட்டின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது. அப்பிரதேசத்தின் சுவையையே மாற்றியமைத்ததில் அதற்குப் பங்குண்டு. ஆண்டுக்கு 600 பீப்பா வடித்த இடம் 100,000 பீப்பாவுக்கு மேல் வடிக்கும் ஆற்றல் பெற்றது. ஆனால் அவ்வளவு பெரிய ஆற்றல், அவ்வளவு பெரிய சந்தையைக் கேட்கும். அயலவரின் தாகம் அதற்குப் போதாது. அண்டை மாநிலங்களின் கடைத்தட்டுகளிலே இடம்பிடித்தாக வேண்டும். எந்தப் போட்டியைத் தவிர்ப்பதற்காகத் தன் கதவடியில் விற்கும் உரிமையைக் கேட்டார்களோ, அந்தப் போட்டிக்குள்ளேயே வளர்ச்சி அதனைக் கொண்டுபோய் நிறுத்தியது.

இதற்கிடையில் சுற்றுப்புறமும் மாறிக்கொண்டிருந்தது. ஓவியர்கள் குடியேறிய அப்பகுதிக்கு ‘முத்து வட்டாரம்’ என 1980களில் பெயர் சூட்டப்பட்டது. அவர்களைப் பின்தொடர்ந்து கட்டிட முதலாளிகள் வந்தனர். புகையிரத முற்றங்கள் அடுக்குமாடி மனைகளாயின. அப்பகுதிக்குக் குறுக்கே சென்ற மேம்பால ஏற்றம் ஒன்றை 1999இல் நகரசபை இடித்து அகற்றியது. 2001இல் புதிய ரிறாம் வண்டி ஓடத் தொடங்கியது. இவையும் பொதுப்பணத்தாலேயே நடந்தன. நிலத்தின் மதிப்பு ஏறியதன் பயனோ நிலமுடையோரைச் சேர்ந்தது. அதே 1999ஆம் ஆண்டில், அதே வட்டாரத்தின் விளிம்பிலிருந்த பழைய வைன்ஹாட் ஆலையும் கைமாறிக் கைமாறி இறுதியில் மூடப்பட்டது. பல தலைமுறைத் தொழிலாளர் உழைத்த அவ்விடத்தில், முகப்பு மட்டும் பேணப்பட்டு, ‘பியராலை மனைகள்’ என்ற பெயருடன் கடைகளும் அலுவலகங்களும் மாடிவீடுகளும் எழுந்தன. தொழிலை வெளியேற்றிவிட்டு அதன் பெயரை அலங்காரமாக வைத்துக்கொள்வது இக்காலத்து நகர முதலாளித்துவத்தின் வழக்கங்களுள் ஒன்று.

பிரிட்ஜ்போட்டின் மண்டபமும் 2000களின் நடுப்பகுதியில் புதுப்பிக்கப்பட்டுப் பெரிய உணவகமாயிற்று. மரப்பலகையில் அமர்ந்து பீட்சாவைப் பிய்த்துத் தின்ற இடத்தை, புதிதாகக் குடியேறிய வசதிபடைத்தோருக்கு ஏற்பச் சீர்ப்படுத்தினர். ஆனால் அதே காலத்தில் நகரெங்கும் இளைய ஆலைகள் முளைத்தன. அவை சிறியவை, புதியவை, தம் வட்டாரத்துக்கே உரியவை. முன்னர் பிரிட்ஜ்போட் எதுவாக இருந்ததோ அதுவாக இப்பொழுது அவை இருந்தன. 2018இல் நாடு முழுவதிலும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பியர் ஆலைகள் இயங்கின. 1873ஆம் ஆண்டின் எண்ணிக்கையையும் அது கடந்துவிட்டது. பிரிட்ஜ்போட்டின் விற்பனையோ ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிற்று.

2019 பெப்ரவரியில் கம்பனி தன் முடிவை அறிவித்தது. விற்பனை வீழ்ச்சியும் கடும்போட்டியும் காரணங்களாகக் காட்டப்பட்டன. பியர் வடித்தல் உடனேயே நிறுத்தப்பட்டது. சாலை மார்ச் 10ஆந் திகதியோடு மூடப்படும் என்றனர். அவ்வாறே மூடப்பட்டது. ஒறிகனின் மிகப் பழைய சிற்றாலை என்ற பெருமையோடு அது மறைந்தது.

முடிவெடுத்தவர் யார்?

அறிவித்தலுக்கும் மூடலுக்கும் இடையே ஒரு மாதமுமில்லை. அவ்விடத்தில் மாப்பிசைந்தவர்களும், அடுப்படியில் வெந்தவர்களும், பீப்பா உருட்டியவர்களும், மேசை துடைத்தவர்களும் அம்முடிவில் எந்தப் பங்கும் கொண்டிருக்கவில்லை. அங்கே உண்டு குடித்து அதற்குப் பெயர் தேடிக்கொடுத்த அயலவருக்கும் பங்கில்லை. முடிவு, இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள அலுவலகத்தில் எடுக்கப்பட்டது. கணக்கேட்டின்படி அம்முடிவு சரியானதாகவும் இருந்திருக்கலாம். நாம் கேட்பது வேறு. முதலிட்டவனுடைய கணக்கேடு ஒன்றுதானா இத்தகைய இடங்களுக்கு உரிய ஏடு? பொதுப்பணத்தில் விளைந்த ஹொப்ஸ், மக்கள் மன்றம் வழங்கிய சட்டம், நகரசபை அமைத்த பாதை, முப்பத்தைந்து ஆண்டுக்கால உழைப்பு, அயலவரின் பற்று ஆகிய இவையெல்லாம் சேர்ந்து ஆக்கிய ஒன்றை, பங்குரிமை என்னும் ஒரே சீட்டு வைத்திருப்பவர் மூடிவிடலாம் என்பது இயற்கை நியதியன்று. மனிதர் வகுத்த விதியே. 1985ஆம் ஆண்டின் சட்டம் மாற்றப்பட்டதுபோல இதுவும் மாற்றப்படக்கூடியதே.

பிரிட்ஜ்போட் மட்டும் இவ்வாறானதன்று. 1985இல் சட்டமன்றத்தை ஒன்றாக அணுகியவர்களில், லறன்சும் போமனும் நிறுவிய போட்லன்ட் ஆலை பல கம்பனிகளின் கைமாறி 2021இல் மூடப்பட்டது. விட்மர் ஆலை வேறு ஆலைகளுடன் இணைந்து, 2020இல் உலகின் மிகப்பெரிய பியர் நிறுவனத்துக்குள் முற்றாகக் கலந்தது. பொன்சி குடும்பத்தின் திராட்சைத் தோட்டமும் 2021இல் பிரான்சின் பொலாஞ்சே குழுமத்துக்கு விற்கப்பட்டது. சிறியது தூயது, பெரியது தீயது என்று எண்ணிச் சிற்றுடைமையை வழிபடுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். சிற்றுடைமை ஒரு கோட்டையன்று. பேருடைமைக்குச் செல்லும் வழியிலுள்ள ஒரு தங்குமடமாகவே அது பெரும்பாலும் அமைகிறது. அன்றியும், சிறிய முதலாளியின் கீழ் வேலைசெய்யும் சமையலாளனின் கூலி, முதலாளி சிறியவர் என்பதனால் மட்டும் பெருகிவிடுவதில்லை.

அப்படியாயின் உழைப்பவரே உடைமையாளராவது வழியாகுமா? அதையும் சிலர் முயன்றனர். ஒறிகனின் ஹூட் ரிவர் நகரில் 1987இல் தொடங்கிய புல் செயில் ஆலை, 1999இல் அதன் ஊழியரின் உடைமையாயிற்று. பதினாறு ஆண்டுகள் அவ்வாறு இயங்கிய பின்னர், 2015இல் முதலீட்டு நிறுவனமொன்றின் ஆதரவு பெற்ற கம்பனிக்கு விற்க ஊழியரே வாக்களித்தனர். போட்டிச் சந்தையின் நடுவே தனித்தீவாக நிற்கும் ஊழியர் உடைமைக்கு உள்ள எல்லையை இது காட்டுகிறது. பங்குச் சீட்டு ஓய்வூதியத்துக்கான சேமிப்பாக மட்டும் கருதப்படும்போது, நல்ல விலை வரும் நாளில் அதனை விற்பதே அறிவாகத் தோன்றும்.

சன் பிரான்சிஸ்கோ நகரின் அங்கர் ஆலையின் அனுபவம் இதனினும் முக்கியமானது. 1896இல் அப்பெயர் பெற்ற அவ்வாலை, மூடப்படும் நிலையிலிருந்தபோது 1965இல் பிரிட்ஸ் மேற்றக் என்பவரால் மீட்கப்பட்டு, புதிய சிற்றாலைகள் அனைத்துக்கும் முன்னோடியாயிற்று. 2017இல் யப்பானின் சப்போரோ நிறுவனம் அதனை வாங்கியது. 2019 மார்ச்சில், பிரிட்ஜ்போட் கதவடைத்த அதே மாதத்தில், அங்கர் தொழிலாளர் 31 வாக்குகளுக்கு 16 என்ற கணக்கில் தொழிற்சங்கத்தில் சேரத் தீர்மானித்தனர். துறைமுகத் தொழிலாளரின் போர்க்குணம் மிக்க சங்கத்தையே தெரிந்தெடுத்தனர். அவ்வாண்டின் இறுதியில் கூட்டு ஒப்பந்தமும் பெற்றனர். 2023 யூலையில் சப்போரோ ஆலையை மூடுவதாக அறிவித்தபோது, அத்தொழிலாளர் கலைந்துபோகவில்லை. ஆலையைக் கூட்டுறவாகத் தாமே வாங்கி நடத்த முன்வந்து, அதற்குப் பணமும் ஆதரவும் திரட்டத் தொடங்கினர். அவர்களுடைய முயற்சி கைகூடவில்லை. 2024இல் ஆலையைப் பெருஞ்செல்வரான ஹம்டி உலுகாயா வாங்கினார். கைகூடாவிட்டாலும் ஒரு வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. சங்கமில்லாத இடத்தில் மூடல் ஒரு செய்தியாக மட்டும் முடிந்தது. சங்கமிருந்த இடத்தில் அது ஒரு வினாவாக எழுந்தது: இந்த ஆலை யாருடையது?

தவறணை ஒன்றின் மூடலுக்காக உலகம் அழவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பியரின்றியும் பீட்சாவின்றியும் மனிதர் வாழ்வர். ஆனால் கூடிப்பேச இடமின்றி மனிதர் மனிதராக வாழ்வது கடினம். வாசிகசாலையாயினும், தேநீர்க்கடையாயினும், தவறணையாயினும், அத்தகைய இடங்களைச் சமுதாயம் தன் உழைப்பாலும் பழக்கத்தாலும் மெல்ல மெல்லக் கட்டி எழுப்புகிறது. அவற்றை மூடும் உரிமை தனியொருவரிடம் இருக்கும்வரை, திறந்திருக்கும் ஒவ்வொரு நாளும் இரவலாகப் பெற்ற நாளே. பிரிட்ஜ்போட்டைத் தோற்றுவித்தோர் பெற்ற ஒரே உண்மையான வெற்றி 1985இல் அவர்கள் ஒன்றுசேர்ந்து பெற்ற வெற்றி. அச்சாலை மறைந்த பின்னரும் அந்தச் சட்டம் நிலைக்கிறது. அதன் நிழலிலேயே ஒறிகனின் நூற்றுக்கணக்கான இளைய சாலைகள் எழுந்தன. வடிப்பவன் தன் கதவடியில் விற்கலாம் என்பதை அன்று சட்டமாக்கினர். அங்கே உழைப்பவன் அக்கதவு மூடப்படும்போது வாய்திறக்கலாம் என்பது இன்னும் சட்டமாகவில்லை. அதனை ஆக்குவோர், உடைமையாளரின் வரிசையிலன்றி, மாப்பிசைந்தவர்களின் வரிசையிலிருந்தே வரவேண்டியிருக்கும்.